ஊட்டிக் காற்றும் நைட்ரோ இன்ஜினும்

நைட்ரோ டிரக், அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் சிறு இன்ஜின் வைத்த ரிமோட் கண்ட்ரோல் வண்டி, வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நீடில் எத்தனை சுற்று திறந்து வெச்சிருக்கீங்க?" நீடில் என்பது கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கோவையிலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஒருவர் மூன்றரை என்றால் அதே இன்ஜின் வைத்திருக்கும் இன்னொருவரும் அங்கிருந்து தொடங்கி, இப்படி அப்படிச் சிறிது திருப்பி வேலையை முடித்துக்கொள்ளலாம். நான் இருப்பது ஊட்டிக்குப் பக்கத்தில், லவ்டேலில். சமவெளி ஆள் சொன்ன எண்ணை நம்பி இங்கே கிளப்பினால் புகைதான் வரும், வண்டி இழுக்காது. அதையே இங்கே அருமையாக ட்யூன் செய்து அப்படியே மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப்போய் முறுக்கினால், ஒரு டேங்க் தீர்வதற்குள் பிஸ்டனும் அது ஓடும் உருளையான ஸ்லீவும் போய்விடக்கூடும். ஏறி வரும்போது ட்யூனிங்கை விட்டுவிட்டால் தொல்லை, அவ்வளவுதான். இறங்கிப் போகும்போது விட்டால் இன்ஜினே போச்சு. மலையில் நைட்ரோ ஓட்டுகிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

காரணம் எரிபொருளில் இருக்கிறது. நைட்ரோ என்று நாம் சொல்லும் அந்தத் திரவத்தில் பெரும்பகுதி மெத்தனால். அதோடு 20 சதவீதம் போல நைட்ரோமீத்தேன், மிச்சம் எண்ணெய். இந்த எண்ணெயில் ஒரு பங்கு ஆமணக்கு எண்ணெயாக இருப்பது வழக்கம். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். வண்டி ஓடி முடித்த பிறகு மைதானத்தில் நிற்கும் அந்த வாசனை அதனுடையது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இன்ஜினுக்கு வேறு எண்ணெய்த் தொட்டி கிடையாது. கிராங்க், கனெக்டிங் ராட், பிஸ்டன், பேரிங் எல்லாம் நனைவது எரிபொருளோடு வரும் இந்த எண்ணெயில்தான். நீடிலை மூடினால் குறைவது எரிபொருள் மட்டுமல்ல, எண்ணெயும்தான். குளிர்ச்சியும் குறைகிறது, ஏனென்றால் மெத்தனால் ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் எடைக்கு எடை சுமார் மூன்று மடங்கு. ஆக, லீனாக, அதாவது காற்றுக்கு எரிபொருள் குறைவாக, ஓடும் இன்ஜினுக்கு உயவும் போகிறது, குளிர்ச்சியும் போகிறது, சுழற்சி மட்டும் ஏறுகிறது. 3.5 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகக்கூடியது. அந்த வேகத்தில் சில நொடி வறட்சியே போதும்.

ரிச்சாக, அதாவது காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக, ஓடினால் எரிபொருள் வீண், ப்ளக் நனையும், இழுவை குறையும், பின்னால் எண்ணெய் வழியும். அவ்வளவுதான், எதுவும் உடையாது. அதனால்தான் சந்தேகம் வந்தால் திறந்து வை என்று பழகியவர்கள் சொல்கிறார்கள்.

இனி காற்றுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நம் மலை ரயில் 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டரில் ஊட்டிக்கு வந்து நிற்கிறது. அந்த 46 கிலோமீட்டரில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஊட்டியில் இருப்பது கடல் மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. கார்புரேட்டர் உள்ளிழுக்கும் காற்றின் கன அளவு மாறுவதில்லை. ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் குறைவு. எரிபொருளோ காற்று குறைந்த அதே விகிதத்தில் குறைவதில்லை. அதனால்தான் கீழே சரியாக இருந்த கலவை இங்கே வந்ததும் ரிச்சாகிவிடுகிறது. இறங்கும்போது கணக்கு திரும்புகிறது.

இதில் வெப்பநிலையும் சேர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 15 டிகிரி ஊட்டியிலிருந்து 34 டிகிரி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் காற்று 18 சதவீதம் போல அடர்த்தியாகிறது. கீழே இருக்கும் வெயில் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. இல்லாவிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும். மார்கழி, தையில் விடியற்காலை அங்கேயும் குளிராக இருக்கும்போது இறங்கி ஓட்டினால் அந்த ஈடும் கிடையாது.

மலையை விட்டு இறங்காமலே இது நடப்பதுதான் எனக்கு வியப்பு. ஜனவரியில் ஊட்டியில் காலை 5 டிகிரி, மதியம் 22 டிகிரி என்பது சாதாரணம். அந்த வித்தியாசம் மட்டுமே காற்றின் அடர்த்தியை சுமார் 6 சதவீதம் குறைக்கிறது. உயரக் கணக்கில் அது கிட்டத்தட்ட 600 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டி காலையிலிருந்து மதியத்துக்குள் 600 மீட்டர் மலையேறி, சாயங்காலம் மறுபடி இறங்கிவிடுகிறது. மதிய வெயிலில் கச்சிதமாக ட்யூன் செய்தவர், சூரியன் மறைந்து குளிர் விழுந்த பிறகும் அதே நீடிலோடு ஓட்டினால் லீனாகத்தான் ஓட்டுகிறார். நாலரை மணிக்கு மேல் ஓட்டுவதென்றால் முழு வேகத்துக் கலவையை ஆளும் ஹை ஸ்பீடு நீடிலை நான் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் ரிமோட்டைத் தொடுவேன்.

போன மே மாத விடுமுறைக்கு என் அக்கா மகன் கோவையிலிருந்து அவன் டிரக்கோடு வந்திருந்தான். பெரிய சக்கரம் போட்ட மான்ஸ்டர் டிரக். 1999-ல் டிராக்ஸஸ் கம்பெனி டி-மேக்ஸைக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் பரவிய ரகம் அது. வந்த அன்றே மைதானத்துக்கு ஓடினான். இன்ஜின் கிளம்பியது, ஆனால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் திக்கித் திணறி, வெள்ளைப் புகையைக் கக்கி நின்றுவிட்டது.

"மாமா, நேத்து வரைக்கும் பறந்துட்டு இருந்துச்சுங்க. பஸ்ல வர்றப்ப ஏதாவது ஒடஞ்சிருச்சா?"

"எதுவும் ஒடையலடா. காத்து மெலிசாயிருச்சு, அவ்வளவுதான்."

"அப்ப எத்தனை சுத்து மூடணும்?"

"எண்ணாத. வண்டி சொல்றத கேளு."

முதலில் இன்ஜினை நன்றாகச் சூடாக்கச் சொன்னேன். குளிர்ந்த இன்ஜினை ட்யூன் செய்யவே கூடாது. சூடானதும் எல்லாம் மாறிவிடும். இரண்டு மூன்று நிமிடம் நிதானமாக ஓட்டிய பிறகு ஹை ஸ்பீடு நீடிலிலிருந்து தொடங்கினோம். வலப்பக்கம் திருப்பினால் மூடும், அதாவது லீன். இடப்பக்கம் திருப்பினால் ரிச். ஒரு முழுச் சுற்றைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு மணி அளவுக்கு மேல் திருப்புவதில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு. திருப்பு, ஓட்டு, கேள், மறுபடி திருப்பு. நேராக முழு வேகத்தில் விடும்போது பின்னால் மெல்லிய நீலம் கலந்த வெள்ளைப் புகை ஒரு கோடாகத் தொடர வேண்டும். சத்தம் தெளிவாக ஏறி உச்சத்தில் நிற்க வேண்டும். உச்சத்துக்குப் போகாமல் கரகரத்துக்கொண்டே இருந்தால் இன்னும் ரிச். உச்சத்துக்குப் போய்க் கீச்சென்று கூவி, பிறகு வேகம் தளர்ந்தால் தாண்டிவிட்டோம். உடனே நிறுத்தித் திறக்க வேண்டும். அதிக வேகம் எங்கே கிடைக்கிறதோ அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மணி அளவு திறந்து வைப்பது என் வழக்கம். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துப் பல டேங்க் ஆயுளை வாங்கிக்கொள்கிறேன்.

மேல்பக்கம், அதாவது முழு வேகம், சரியான பிறகே மெதுவேகத்துக்கான லோ ஸ்பீடு நீடில். பலர் வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, மேல்பக்கம் திருப்பும்போது கீழ்ப்பக்கம் மாறிவிட்டதே என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். லோ ஸ்பீடு நீடிலுக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்புரேட்டருக்குப் போகும் எரிபொருள் ட்யூபை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுழற்சி கொஞ்சம் ஏறி, இரண்டு மூன்று நொடியில் அணைந்தால் சரி. அழுத்திய உடனே அணைந்தால் லீன். ஐந்து நொடிக்கு மேலும் ஓடிக்கொண்டே இருந்து, மெல்ல ஏறி ஏறி அணைந்தால் ரிச். இன்னொரு அடையாளமும் உண்டு: வேகமாக ஓட்டி ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கினால் கீழ்ப்பக்கம் லீன். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது உளறினால் ரிச். கடைசியாகத்தான் ஐடில் ஸ்க்ரூ. கலவைக் கோளாறை ஐடில் ஸ்க்ரூவால் மறைக்கப் பார்ப்பவர்கள் நிறைய. அணைந்து போகிறதே என்று ஐடிலை ஏற்றிவிடுவார்கள்; கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே இருந்து, கிளட்ச் பெல்லும் ஷூவும் எரிந்துபோகும்.

பையனின் காது நல்ல காது. அரை மணி நேரத்தில் அவனே பிடித்துவிட்டான். அதற்கு முன்னால் ஒரு ஜீப் மெக்கானிக் அண்ணா மைதானத்து ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மஹிந்திரா ஜீப்புகளின் கார்புரேட்டர்களோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர். ரிமோட் கார் எதையும் தொட்டதில்லை. "இன்னும் ஒரு துளி மூடுங்க தம்பி, தொண்டைல கரகரப்பு இருக்கு பாருங்க" என்றார். அவர் சொன்னது சரியாக இருந்தது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலா மெத்தனாலா என்ற வித்தியாசமெல்லாம் அந்தக் காதுக்கு இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. மலை ஏறுவதைச் சென்சாரே கவனித்துக்கொள்கிறது. வண்டிக்கு நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டுக் கலவையைச் சொல்லும் அந்த அண்ணாவைப் போன்றவர்களிடம் இளைஞர்கள் யாரும் இப்போது கற்றுக்கொள்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். என் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வற்புறுத்தி அழைக்கிறேன்.

அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும் முன் டேங்க் மூடியின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, "மலை செட்டிங். நீடிலைத் திறந்துவிட்டு ஊற்று" என்று அவன் கையாலேயே எழுதவைத்தேன். எரிபொருள் ஊற்ற வேண்டுமென்றால் அந்தக் கையெழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ரிமோட்டிலோ நோட்டிலோ எழுதினால் அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. கோவையில் முதல் டேங்கை ஹை ஸ்பீடு நீடிலை அரைச் சுற்று திறந்தே ஓட்டச் சொன்னேன். அங்கிருந்து மூடிக்கொண்டு வரலாம். மூடிய இடத்திலிருந்து திறந்துகொண்டு போகக் கூடாது.

அடுத்து வெப்பம். நல்ல நிலையில் ஓடும் இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, 100 முதல் 125 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். இதை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி இதற்கு உதவாது. அது மனித உடம்பு சூட்டுக்கு மேல் அளக்காது. எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் ரகத்தை வாங்க வேண்டும். ஹெட்டின் நடுவே, ப்ளக் இருக்கும் குழிக்குள் குறி வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தகடுகளைப் பார்த்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஹெட்டின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். மூன்று முதல் ஐந்து நொடியில் கொதித்து மறைந்தால் சரியான சூடு, உடனே சீறிப் பறந்தால் அதிகம் என்பது கணக்கு. இது சமவெளியில் பிறந்த கணக்கு. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அதனால் துளி கொதிக்கிறது என்பதை வைத்து இன்ஜின் போதிய சூட்டில் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. நான் இந்தச் சோதனையை விட்டே பல காலமாகிறது.

ஏனென்றால் இங்கே நம் பிரச்சினை பல நாள் சூடு கூடுவது அல்ல, போதாமல் இருப்பது. இந்த இன்ஜின்களில் பிஸ்டன் அலுமினியம். ஸ்லீவ் பித்தளை, உள்ளே குரோமியம் பூச்சு. பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போகச் சற்றே குறுகும். குளிரில் பிஸ்டன் மேல்முனையில் இறுகிப் பிடிப்பது அதனால்தான். சூடானதும் ஸ்லீவ் கூடுதலாக விரிந்து இடம் கொடுக்கிறது. 60, 70 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் அந்த இடம் முழுதாகக் கிடைப்பதில்லை. மேல்முனையில் உரசி உரசியே தேய்கிறது. அதைச் சூடாக்குவதற்காக நீடிலை மூடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான வழி. ஹெட் தகடுகளில் பாதியைச் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளால் மறைத்தால் போதும், வெப்பம் ஏறிவிடும். கலவையைக் கலவைக்காக வை, சூட்டைச் சூட்டுக்காகத் தனியே பார். ஜூலை மாத மழைக்குளிரில் என் டிரக் எப்போதும் தலையில் தாள் கட்டித்தான் ஓடுகிறது.

உறைபனிக் காலத்தில் கிளப்புவதே ஒரு வேலை. மெத்தனால் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட அதற்குச் சுமார் 11 டிகிரி வெப்பம் தேவை. பெட்ரோலுக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே வெகு தூரம். டிசம்பர், ஜனவரி காலையில் புல்மேல் வெள்ளை விரித்திருக்கும்போது பாட்டிலில் இருப்பது எரிய மனமில்லாத திரவம். இன்ஜினைக் கிளப்பும் கயிறு அறுந்துபோகும் வரை இழுத்துப் பயனில்லை. எரிபொருள் பாட்டிலை முந்தின இரவே வீட்டுக்குள் வையுங்கள், அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி. ஹேர் டிரையரால் இன்ஜினை ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். கையால் தொட்டால் சுடுகிற அளவுக்கு. டேங்கில் எரிபொருள் ஊற்றுவதும், அதைக் கார்புரேட்டர் வரை வரவழைத்து ப்ரைம் செய்வதும் டிரையரை அணைத்து, தள்ளி எடுத்து வைத்த பிறகே. ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னைட்டரையும் சட்டைப்பைக்குள் வைத்துச் சூட்டோடு எடுத்துவாருங்கள். குளிர்ந்த பேட்டரி ப்ளக்கை மங்கலாகத்தான் எரியவைக்கும். ப்ளக் கம்பி ஆரஞ்சு நிறத்தில் தகதகக்க வேண்டும்.

அந்தக் கம்பியில்தான் இந்த இன்ஜினின் அழகே இருக்கிறது. ஸ்பார்க் கிடையாது, காயில் கிடையாது. கம்பியில் இருக்கும் பிளாட்டினத்தோடு மெத்தனால் ஆவி சேரும்போது வினை நடந்து கம்பி தானாகவே சூடாக இருக்கிறது. கிளம்பியதும் இக்னைட்டரை எடுத்துவிடலாம். எரிபொருள் தன் தீயைத் தானே காத்துக்கொள்கிறது. எப்போது பற்ற வேண்டும் என்பதைப் பிஸ்டன் அழுத்தும் அழுத்தமும் கம்பியின் சூடும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குளிர் காலத்துக்குச் சூடான ரக ப்ளக்கும் கோடையில் சமவெளிக்குக் குளிர்ந்த ரகமும் போடுவது இதனால்தான். அவ்வப்போது ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். கம்பி ஈரமாகப் பளபளத்தால் ரிச். சுருள் கோணிப்போயிருந்தாலோ அறுந்திருந்தாலோ லீனாகவோ, அழுத்தம் அதிகமாகவோ ஓடியிருக்கிறது.

இழுக்கும்போது கயிறு சட்டென்று சிக்கிக்கொண்டால் பலம் காட்டாதீர்கள். சிலிண்டருக்குள் எரிபொருள் நிறைந்திருக்கும். திரவத்தை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட்தான் வளையும். ப்ளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, துணியால் மூடிக்கொண்டு நாலு இழு இழுத்தால் வெளியே வந்துவிடும்.

மெல்லிய காற்றில் அழுத்தம் குறைவதால், ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஷிம் தகடு ஒன்றை எடுத்துவிட்டு அழுத்தத்தைக் கூட்டலாம் என்று சொல்வார்கள். நைட்ரோ சதவீதத்தை ஏற்றலாம் என்றும் சொல்வார்கள். இரண்டும் வேலை செய்யும், மறுக்கவில்லை. எப்போதும் மலையிலேயே ஓட்டுகிறவர் 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றை எடுத்தால் இழுவை கூடுவது தெரியும். ஆனால் மலையும் சமவெளியுமாகப் போய்வருகிற வண்டியில் நான் அதைத் தொடுவதில்லை. ஷிம் இல்லாமல் கீழே இறங்கினால் எரிபொருள் முன்கூட்டியே பற்றி, சட்டியில் கடலை வெடிப்பதைப் போல ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு வெடிப்பும் கனெக்டிங் ராடில் விழும் அடி. நீடிலைத் திறக்க ஒரு நொடி போதும். ஷிம் போட ஹெட்டைக் கழற்ற வேண்டும், அதை மைதானத்துப் புழுதியில் யாரும் செய்யமாட்டார்கள்.

புழுதி என்றதும் ஃபில்டர். பிப்ரவரி, மார்ச்சில் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகள் காய்ந்து செம்மண் மாவாகக் கிடக்கும். அந்த மாவு ஒரு சிட்டிகை உள்ளே போனால் குரோமியப் பூச்சை உரசித் தின்றுவிடும். அதற்குப் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட்டும் நாளெல்லாம் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கசக்கி, முழுக்கக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலைப் பிசைந்து தடவிப் போட வேண்டும். எண்ணெய் தடவாத ஸ்பாஞ்ச் மண்ணை வடிகட்டாது. இரண்டு செட் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். மழைக்காலத்தில் இங்கே எதுவும் ஒரே நாளில் காய்வதில்லையே.

ட்யூன் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் நீடிலை விட்டுவிட்டுக் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்புரேட்டர் அடியில் இருக்கும் ஓ ரிங், பின்பக்கத் தகடு, டேங்க் மூடியின் ரப்பர், சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் கொண்டுபோகும் ட்யூப். இவற்றில் ஏதோ ஒன்று காய்ந்தோ கிழிந்தோ இருக்கும்.

நீலகிரியில் நைட்ரோ இன்ஜின்களைக் கொல்வதில் லீன் கலவைக்கு அடுத்த இடம் ஈரத்துக்கு. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும் ஊரில் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பாதி பாட்டிலில் மிச்சம் வைப்பதைவிட, சின்னப் பாட்டில்களில் நிரம்ப ஊற்றி இறுக மூடி, இருட்டில் வைப்பது மேல். வெளிச்சமும் நைட்ரோமீத்தேனுக்கு ஆகாது. ஈரம் குடித்த எரிபொருள் எந்த நீடிலுக்கும் கட்டுப்படாது. ஒரு நிமிடம் லீன் போலவும் மறு நிமிடம் ரிச் போலவும் நடிக்கும். சந்தேகம் வந்தால் புது பாட்டிலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள், இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, ட்யூபில் மிச்சமிருப்பதும் எரிந்து தீரும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். உள்ளே தங்கும் மெத்தனாலும், நைட்ரோ எரிந்ததில் வரும் அமிலமும், நம் ஊர் ஈரமும் சேர்ந்தால் பேரிங் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். ப்ளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள்ளும் கார்புரேட்டர் வாயிலும் சில துளி ஆஃப்டர் ரன் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாகப் பலமுறை இழுத்து எண்ணெயைப் பரப்ப வேண்டும். அப்புறம் பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மேல்முனையில் நின்றபடி இன்ஜின் குளிர்ந்தால் ஸ்லீவ் பிஸ்டனைக் கவ்வியபடியே சுருங்கும். அந்த இறுக்கம்தான் இன்ஜினின் உயிர், அது தளர்ந்துபோகும். ஃப்ளைவீலில் கீழ்முனைக்கு நேராக ஒரு கோடு கீறி வைத்தால் திறந்து பார்க்காமலே தெரியும்.

மெத்தனாலைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்த சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால். நம் மாநிலத்தில் அது கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பது நியாயமே. வீட்டிலேயே கலந்து எரிபொருள் தயாரிக்கும் முயற்சி வேண்டாம். உரிய கடையில் ரசீதோடு வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால் கையுறை போடுங்கள். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. காற்று நெளிவதும் பொருள் கருகுவதும்தான் தெரியும். குழந்தைகளை எரிபொருள் ஊற்றும் இடத்திலிருந்து நாலடி தள்ளியே நிறுத்துகிறேன். மூடிய அறையில் இன்ஜினைக் கிளப்பவே கூடாது.

கடைசியாகப் பேரிங். ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போலத் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். பின்பக்கப் பேரிங்கிலிருந்து உதிரும் துகள் நேராகப் பிஸ்டனுக்குத்தான் போகும். 3.5 சிசி இன்ஜின்கள் பலவற்றில் முன்பக்கப் பேரிங் 7×19×6 மில்லிமீட்டர். பேரிங் கடையில் 607 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதிவேகத்துக்கு ஏற்ற நல்ல கம்பெனி பேரிங்காகப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் 14×25.4×6, இது கடைகளில் எளிதில் கிடைக்காது, ரிமோட் கார் பாகம் விற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து அக்டோபரில் முதலில் வண்டியை எடுக்கும்போது நான் இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் டேங்கில் எரிபொருள் ஊற்றுவேன்.